உயிரியல் மானுடவியல் படிக்கலாமா? சிங்கப்பூர்ப் பிள்ளைகளும் பெற்றோரும் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

ஆஸ்திரேலியாவில் உயிரியல் மானுடவியலில் இளங்கலை முடித்து நான் ஊர் திரும்பி ஒன்பது வருடம் ஆகிறது. இப்போது குழந்தைகளின் வளர்ச்சியை ஆராயும் ஒரு குழுவில் வேலை பார்க்கிறேன். கல்யாண வீடோ தீபாவளி விருந்தோ, எங்கே போனாலும் ஓர் அத்தையாவது பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "நீ படிச்சது என்னம்மா, அந்த எலும்புப் படிப்பு?" என்று ஆரம்பிப்பார். அவர் மகளுக்கோ தங்கை மகனுக்கோ அதில் ஆசை வந்திருக்கும். சொன்னதையே திரும்பத் திரும்பச் சொல்வதற்கு எழுதியே வைத்துவிடலாம் என்று தோன்றியது. கேள்விகள் எல்லாம் நிஜமாகவே என்னிடம் கேட்டவை. சிலவற்றின் காரத்தை மட்டும் கொஞ்சம் குறைத்திருக்கிறேன்.

கேள்வி: முதலில் இது என்ன படிப்பு?

மனிதரை ஓர் உயிரினமாக வைத்துப் படிப்பது. இரண்டு காலில் நிமிர்ந்து நடக்க எப்போது ஆரம்பித்தோம், பால் குடித்தால் சிலருக்கு மட்டும் ஏன் வயிறு கலங்குகிறது, நம் ஆட்களுக்கு நீரிழிவு ஏன் சீக்கிரமே வருகிறது, மண்ணுக்குள் கிடந்த எலும்பைப் பார்த்து அந்த ஆள் எந்த வயதில் இறந்தார் என்று எப்படிச் சொல்வது, குரங்குகள் சண்டை போட்ட கையோடு ஏன் ஒன்றுக்கொன்று பேன் பார்க்கின்றன: இத்தனையும் இதற்குள் அடங்கும். மரபணு, எலும்பு, பல், புதைபடிவம், உணவு, நோய், குரங்கினம் எல்லாவற்றையும் பரிணாமம் என்ற ஒரே நூலில் கோத்திருப்பார்கள்.

பழைய பெயர் உடல்சார் மானுடவியல். 1951ல் ஷெர்வுட் வாஷ்பர்ன் என்ற அமெரிக்கப் பேராசிரியர், மண்டையோட்டை அளந்து வகைபிரித்தது போதும், மாற்றம் எப்படி நடக்கிறது என்று கேட்போம் என்று எழுதினார். இன்று வகுப்பில் நடத்துவது பெரும்பாலும் அவர் திருப்பிவிட்ட வழியில்தான்.

கேள்வி: தொல்லியலும் இதுவும் ஒன்றுதானே?

சித்தப்பா பிள்ளை, பெரியப்பா பிள்ளை மாதிரி. முதுமக்கள் தாழி ஒன்று கிடைத்தால் தாழியை ஆராய்பவர் தொல்லியலாளர். உள்ளே இருக்கும் எலும்புக்கு எங்களைக் கூப்பிடுவார்கள்.

கேள்வி: சிங்கப்பூரிலேயே படிக்க முடியுமா?

இந்தப் பெயரில் தனிப் பட்டம் இங்கே இல்லை. சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தில் மானுடவியல் மேஜர் இருக்கிறது. ஆனால் அது சமூக, பண்பாட்டு மானுடவியல். சடங்கு, குடும்பம், இடப்பெயர்வு, நகர வாழ்க்கை பற்றிப் படிப்பீர்கள். நல்ல படிப்புதான், ஆனால் அங்கே போய் "எலும்பு எங்கே?" என்று கேட்டால் சிரிப்பார்கள்.

உள்ளூரிலேயே இருக்க வேண்டியவர்கள் துண்டு துண்டாக ஒட்டுப்போட்டுத் தைத்துக்கொள்ளலாம். அதே பல்கலைக்கழகத்தில் உயிர் அறிவியலை மேஜராக எடுத்து, மானுடவியலை இரண்டாவதாகச் சேர்த்துக்கொள்ளுங்கள். பரிணாமம், மரபியல், விலங்கு நடத்தை பற்றிய பாடங்களை விடாதீர்கள். தடயவியல் மைனரும் உண்டு. ஒரு தவணை மாணவர் பரிமாற்றத்தில் வெளிநாடு போகும்போது, உயிரியல் மானுடவியல் துறை உள்ள பல்கலைக்கழகமாகப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள். மற்றவர்கள் பனிச்சறுக்குக்கு வசதியான ஊராகப் பார்ப்பார்கள். நீங்கள் எலும்பு ஆய்வகம் உள்ள ஊராகப் பாருங்கள். வளாகத்திலேயே லீ கொங் சியான் இயற்கை வரலாற்று அரும்பொருளகம் இருக்கிறது. தென்கிழக்காசிய விலங்குகளின் மாதிரிகள் அங்கே நிறைய. அங்கே தொண்டூழியம் செய்யும் வாய்ப்புக் கிடைத்தால் பிடித்துக்கொள்ளுங்கள்.

இந்த ஒட்டுத் தையல் வழி இரண்டாந்தரம் என்று நினைக்க வேண்டாம். நம் காடுகளில் மிச்சமிருக்கும் ராஃபிள்ஸ் பட்டை லங்கூர் குரங்குகளுக்காகப் பல வருடமாக உழைக்கும் டாக்டர் ஆண்டி ஆங் முதலில் இங்கேதான் உயிரியல் படித்தார். அப்புறம்தான் அமெரிக்காவின் கொலராடோ பல்கலைக்கழகத்தில் மானுடவியலில் முனைவர் பட்டம். மூன்று வருட வெளிநாட்டுக் கட்டணம் நம் வீட்டுக்குத் தாங்காது என்று தெரிந்தால் நான் முதலில் சொல்வது இந்த வழியைத்தான்.

கேள்வி: வெளியே போவதென்றால் எங்கே?

கான்பராவில் உள்ள ஆஸ்திரேலிய தேசியப் பல்கலைக்கழகத்தில் உயிரியல் மானுடவியல் தனி மேஜராகவே உண்டு. நியூசிலாந்தின் ஒடாகோவில் உடற்கூறியல் துறையை ஒட்டி இந்தப் பாடங்கள் நடக்கின்றன. பசிபிக், தென்கிழக்காசிய எலும்புகளில் அவர்கள் கெட்டிக்காரர்கள். பிரிட்டனில் பெயரைப் பார்த்து ஏமாறக்கூடாது. கேம்பிரிட்ஜில் இது தொல்லியல் பட்டத்துக்குள் ஒளிந்திருக்கிறது. ஆக்ஸ்ஃபர்டில் மனித அறிவியல் என்று பெயர். லண்டன் யுசிஎல்லில் மானுடவியல் என்றே பெயர், ஆனால் உயிரியல் பகுதியும் சேர்த்தே நடத்துவார்கள். அமெரிக்காவில் ஹார்வர்டு இதை மனிதப் பரிணாம உயிரியல் என்கிறது. டியூக்கில் பரிணாம மானுடவியல். அதனால் இணையத்தில் தேடும்போது பட்டத்தின் பெயரோடு நிறுத்தாமல், பாடப் பட்டியலைத் திறந்து மனித எலும்பியல் என்று ஒரு பாடம் இருக்கிறதா, அதற்கு ஆய்வக நேரம் வாரத்துக்கு எத்தனை மணி என்று பாருங்கள். ஆய்வகம் இல்லாமல் எலும்பு படிப்பது, தண்ணீர் இல்லாமல் நீச்சல் படிக்கிற கதை.

"சென்னையில் படிக்கலாமா, மாமா வீடு இருக்கிறதே" என்று ஒரு தாய் கேட்டார். சென்னைப் பல்கலைக்கழகத்திலும் புதுச்சேரியிலும் மானுடவியல் துறைகள் உண்டு, ஆனால் அவை முக்கியமாக முதுகலைக்கு. இளங்கலை அறிவியல் பட்டமாக வேண்டுமென்றால் டெல்லிப் பல்கலைக்கழகம் பழைய இடம். அங்கே உடல் அளவியலை நன்றாகக் கையில் ஏற்றிவிடுவார்கள்.

கேள்வி: ஜேசியில் (தொடக்கக் கல்லூரியில்) என்ன பாடம் எடுத்திருக்க வேண்டும்? பாலி (பலதுறைத் தொழிற்கல்லூரி) மாணவர்கள் போகலாமா?

எச்2 உயிரியல் இருந்தால் நிம்மதி. பல இடங்களில் அது கட்டாயம் இல்லை. ஆனால் மரபியல் வகுப்பில் முதல் மாதமே மூச்சு வாங்கும். கூடவே வரலாறோ புவியியலோ இருந்தால் கட்டுரை எழுதும் கை இருக்கும். பாலியில் உயிர்மருத்துவ அறிவியல், சுற்றுச்சூழல், விலங்கு மருத்துவத் தொழில்நுட்பம் போன்ற டிப்ளோமா முடித்தவர்கள் ஆய்வகத்தில் ஜேசி பிள்ளைகளைவிடக் கைத்தெளிவோடு இருப்பதைப் பார்த்திருக்கிறேன்.

கணக்கு? வரும். கால்குலஸ் இல்லை, புள்ளியியல். ஆர் என்ற மென்பொருளில் தரவைப் போட்டு ஆய்வது இரண்டாம் ஆண்டிலிருந்து விடாது. என் வகுப்பில் எலும்பைக் கண்டு பயந்தவர் ஒருவர்கூட இல்லை. புள்ளியியலைக் கண்டு அழுதவர்கள் உண்டு, நானும் அதில் சேர்த்தி. இன்று என் சம்பளத்தில் பாதி அந்த அழுகைக்குத்தான்.

கேள்வி: வகுப்பில் உண்மையில் என்ன செய்வார்கள்?

முதல் ஆண்டு பெரும்பாலும் விரிவுரை. லூசி என்று செல்லப் பெயர் வைத்த, 1974ல் எத்தியோப்பியாவில் கிடைத்த 32 லட்சம் வருட எலும்புக்கூட்டில் ஆரம்பித்து, அழிந்துபோன மனித இனமான நியாண்டர்தாலின் மரபணுவைப் படித்துக் காட்டியதற்காக 2022ல் ஸ்வாந்தே பேபோவுக்கு நோபல் பரிசு கிடைத்தது வரை ஓடிவிடுவார்கள். குரங்கினங்களுக்கு ஒரு பாடம், மனித வேறுபாட்டுக்கு ஒரு பாடம்.

ருசி இரண்டாம் ஆண்டில்தான். வயதுவந்த உடலில் 206 எலும்பு. அதை ஒப்பிப்பது எளிது. துணிப்பைக்குள் கையை விட்டு, பார்க்காமல், விரலில் தட்டுப்படுவது எந்த எலும்பு, இடதா வலதா என்று சொல்வதுதான் தேர்வு. மணிக்கட்டில் மட்டும் எட்டுச் சிறு எலும்புகள். ஒவ்வொன்றும் புளியங்கொட்டை, பட்டாணி, படகு என்று ஒரு சாயல். ரயிலில் போகும்போதுகூட என் விரல்கள் சட்டைப்பைக்குள் ஒரு பிளாஸ்டிக் எலும்பை உருட்டிக்கொண்டிருக்கும்.

அப்புறம் வயதையும், ஆணா பெண்ணா என்பதையும் கணிப்பது. இடுப்பெலும்பின் பின்புறத்தில் ஒரு வளைவு உண்டு. பெண்களுக்கு அது பொதுவாக அகலம், ஆண்களுக்கு இறுக்கம். கட்டைவிரலை அதில் வைத்து ஆட்டிப் பார்க்கச் சொல்வார்கள். இடம் தாராளமாக இருந்தால் பெண்ணாக இருக்கலாம். இந்த "இருக்கலாம்"தான் முக்கியம். என் முதல் அறிக்கையில் "இவர் பெண்" என்று எழுதிவிட்டேன். ஆசிரியர் சிவப்புப் பேனாவால் அடித்து, "உனக்கு எப்படித் தெரியும்?" என்று மட்டும் எழுதியிருந்தார். வயதுக்கு, எலும்பு முனைகள் தண்டோடு ஒட்டிவிட்டனவா என்று பார்ப்போம். கழுத்துக்குக் கீழே தோள்வரை போகும் காறை எலும்பின் மார்புப் பக்க முனைதான் கடைசியில் ஒட்டும், அதுவும் இருபதுகளின் பின்பாதியில். தேசிய சேவை முடித்து வரும் பையன்கள் தங்களைப் பெரிய ஆளாக நினைத்துக்கொள்ளலாம்; அவர்கள் காறை எலும்பு இன்னும் வேலையை முடிக்கவில்லை.

ஒருநாள் எங்கள் மேசைக்கு ஒரு கீழ்த்தாடை வந்தது. பற்களின் வெளிப்பக்கம் முழுக்கச் செங்காவிப் பழுப்பு. பக்கத்தில் இருந்த பையன் மண் கறை என்று எழுதிக்கொண்டான். எனக்குப் பார்த்ததும் வயிற்றில் என்னமோ செய்தது. தேக்காவில் வெற்றிலை வாங்கி மடியில் முடிந்துகொண்டு வரும் என் அப்பாயியின் பல் அது. ஆசிரியரும் வெற்றிலைப் பாக்குக் கறைதான் என்றார். கடைவாய்ப் பற்கள் ஒரு பக்கம் மட்டும் அதிகம் தேய்ந்திருந்தன. அந்தப் பக்கமே அடக்கி மென்றிருக்க வேண்டும். அதுவரை அது 14 என்று எண் போட்ட பெட்டி.

கேள்வி: அந்த எலும்புகள் யாருடையவை?

இதைக் கேட்பவர்கள் குறைவு. எல்லோரும் கேட்க வேண்டும்.

உலகெங்கும் மருத்துவக் கல்லூரிகளிலும் மானுடவியல் துறைகளிலும் இருந்த பழைய எலும்புக்கூடுகளில் பெரும்பங்கு இந்தியாவிலிருந்து, முக்கியமாகக் கல்கத்தா வழியாகப் போனவை. 1985ல் இந்திய அரசு ஏற்றுமதியைத் தடைசெய்தது. அதற்கு முன் போனவற்றில் எத்தனை பேர் தங்கள் உடலை விரும்பிக் கொடுத்தார்கள் என்று யோசித்துப் பாருங்கள். எரிக்க விறகுக்கு வழியில்லாதவர்களின் உடல்கள், உரிமை கோர ஆளில்லாத உடல்கள். நான் கைவைத்த 14ஆம் எண் பெட்டியும் அப்படி வந்ததுதான் என்று பின்னால் தெரிந்தது. தூரதேசத்தில், நம் ஊர்ப் பாட்டி ஒருத்தியின் தாடையை வைத்து நான் மதிப்பெண் வாங்கியிருக்கிறேன்.

இதனால் படிப்பை விட்டுவிட வேண்டுமா என்று சில நாள் குழம்பினேன். விடவில்லை. ஆனால் இன்று எந்தப் பல்கலைக்கழகத்தைப் பற்றிக் கேட்டாலும், அவர்கள் தங்கள் எலும்புச் சேகரிப்பின் மூலத்தை வெளிப்படையாகச் சொல்கிறார்களா, பூர்வகுடிகளின் எச்சங்களைத் திருப்பித் தருகிறார்களா என்று பார்க்கச் சொல்கிறேன். அறிமுக நாளில் கையைத் தூக்கிக் கேளுங்கள். பதில் சொல்பவரின் முகத்திலேயே பாதி தெரிந்துவிடும்.

கேள்வி: பொம்பளைப் பிள்ளை செத்தவர் எலும்பைத் தொடலாமா? தீட்டு இல்லையா?

என் பெரியம்மா கேட்டது. பதில் சொல்ல வாதம் எதுவும் என்னிடம் அப்போது இல்லை.

இரண்டு வருடம் கழித்துத் தாத்தா தவறினார். மறுநாள் மண்டாய் தகனச் சாலையில் சாம்பல் எடுக்கப் போனோம். தட்டில் வெள்ளையும் சாம்பல் நிறமுமாகத் துண்டுகள். கால் பக்கத்திலிருந்து தொடங்கித் தலையை மேலே வைத்துக் கலசத்தில் போட வேண்டும் என்றார் காரியம் செய்து வைத்தவர். பெரியப்பாவுக்கு எது எதுவென்று தெரியவில்லை, கை நடுங்கியது. நான் பக்கத்தில் நின்று மெதுவாகச் சொன்னேன்: இது குதிகால், இது தொடை எலும்பின் பந்து, இது முதுகெலும்பு, இது பின்மண்டை. அவர் ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார். பெரியம்மா அதற்கப்புறம் தீட்டுப் பற்றிப் பேசவில்லை.

பரிணாமமும் சாமியும் ஒத்துப்போகுமா என்றும் கேட்பார்கள். என்னோடு படித்தவர்களில் விரதம் இருந்தவர்கள் உண்டு, ஞாயிறு தவறாமல் தேவாலயம் போனவர்கள் உண்டு, தொழுதவர்கள் உண்டு. தேர்வில் ஆதாரத்தைக் கேட்பார்கள், நம்பிக்கையைக் கேட்பதில்லை.

கேள்வி: நம் அடையாள அட்டையில் இனம் என்று போடுகிறார்களே, அதைப் பற்றித்தானே இந்தப் படிப்பு?

ஒரு காலத்தில் அப்படித்தான் இருந்தது. அந்த அழுக்கு நம் வீட்டு வாசலிலும் படிந்திருக்கிறது. 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் சென்னை அருங்காட்சியகக் கண்காணிப்பாளராக இருந்த எட்கர் தர்ஸ்டன், அளவுகருவியும் கையுமாகத் தென்னிந்தியா முழுக்கச் சாதி சாதியாக மூக்கையும் தலையையும் அளந்தார். மூக்கு அகலத்தை வைத்து மனிதரை மேல், கீழ் என்று அடுக்கலாம் என்று அந்தக் கால ஆட்சியாளர்கள் நம்பினார்கள். நம் பாட்டன் பூட்டன் அந்த வரிசையில் நின்றிருக்கலாம்.

இன்றைய பாடம் அதைத் தலைகீழாகப் புரட்டுகிறது. 1972ல் மரபியலாளர் ரிச்சர்டு லெவொன்டின் இரத்தப் புரத வேறுபாடுகளைக் கணக்கிட்டு, மனித வேறுபாட்டில் சுமார் 85 விழுக்காடு ஒரே மக்கள்கூட்டத்துக்கு உள்ளேயே இருக்கிறது என்று காட்டினார். நம் புளோக்கில் ஒரே தளத்தில் குடியிருக்கும் இரண்டு தமிழர்களுக்கு இடையே இருக்கும் வேறுபாடு லேசுப்பட்டதல்ல என்று அர்த்தம். சீனர், மலாய்க்காரர், இந்தியர், மற்றவர் என்ற நான்கு பெட்டிகள் நிர்வாகத்துக்கு வசதி. இயற்கை போட்ட கோடு அல்ல. 2011லிருந்து கலப்பு மணப் பிள்ளைகளுக்கு இரட்டை இனப் பெயர் போட அனுமதித்தார்களே, இயற்கைக் கோடாக இருந்தால் அப்படித் திருத்த முடியுமா?

அதற்காக உடல் வேறுபாடே இல்லை என்றும் சொல்லிவிட முடியாது. இங்கேதான் படிப்பு சுவாரசியமாகிறது. புனேயைச் சேர்ந்த மருத்துவர் சித்தரஞ்சன் யாஜ்னிக்கும் அவருடைய ஆங்கிலேய நண்பர் ஜான் யட்கினும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும் ஒரு படம் 2004ல் மருத்துவ இதழில் வந்தது. இருவருக்கும் உடல் எடைக் குறியீடு (பிஎம்ஐ) 22.3. ஆனால் உடல் கொழுப்பு யட்கினுக்கு 9.1 விழுக்காடு, யாஜ்னிக்குக்கு 21.2. ஒல்லியாகத் தெரிகிற நம் உடம்புக்குள் கொழுப்பு பதுங்கியிருக்கிறது. சிங்கப்பூரில் எடைக் குறியீடு 23ஐத் தாண்டினாலே கவனம் என்று சொல்வதற்கு இப்படிப்பட்ட ஆசிய ஆய்வுகள்தான் காரணம். பொது உலக வரம்பு 25. ஏன் இப்படி? கருவிலிருக்கும்போது தாய்க்குக் கிடைத்த சாப்பாடா, மரபணுவா, தலைமுறை தலைமுறையாகப் பார்த்த பஞ்சமா? மூன்றாம் ஆண்டில் ஒரு முழுப் பருவம் இதையே விவாதித்தோம், முடிவுக்கு வரவில்லை. மதியம் உணவங்காடிக்குப் போய் நான் மட்டும் சோறு குறைவாக வாங்கினேன்.

கேள்வி: தொலைக்காட்சியில் வருவதுபோல் தடயவியல் நிபுணர் ஆகலாமா?

இந்த ஆசையில் என் அம்மாவே ஏமாந்திருக்கிறார். ஒரு கல்வி முகவர், "முடிச்சதும் போலீஸ்ல நேரா எடுத்துக்குவாங்க, ஆன்ட்டி" என்று சொல்லி முன்பணம் வாங்கிக்கொண்டார். நம்பாதீர்கள்.

சிங்கப்பூரில் மரண விசாரணைக்குரிய உடல்களைப் பரிசோதிப்பது சுகாதார அறிவியல் ஆணையத்தின் தடயவியல் மருத்துவர்கள். அதற்கு மருத்துவப் பட்டம் வேண்டும். எலும்பாக மட்டுமே கிடைக்கும் வழக்குகள் இந்தச் சின்ன ஊரில் எத்தனை வரும்? முழுநேரத் தடயவியல் மானுடவியலாளர் வேலையை நம்பி மூன்று வருடம் செலவழிக்க வேண்டாம். அதில்தான் உயிரே என்றால் முதுகலை, முனைவர் பட்டம் வரை போய், வெளிநாட்டில் வேலை தேடத் தயாராக இருங்கள். போரில் காணாமற்போன வீரர்களின் எலும்புகளை அடையாளம் காணும் அமெரிக்க ஆய்வகம் ஹவாயில் இருக்கிறது; ஆனால் அங்கே அவர்கள் குடிமக்களுக்குத்தான் வாசல் அகலம்.

கேள்வி: அப்படியானால் வேலை?

"மானுடவியலாளர் தேவை" என்று விளம்பரம் வராது. அதை முதலிலேயே ஜீரணித்துக்கொண்டால் பிறகு வருத்தம் இல்லை. என் வகுப்பில் இருந்து வந்தவர்களும் எனக்குத் தெரிந்தவர்களும் போன இடங்கள்: மருத்துவ ஆய்வு ஒருங்கிணைப்பு, பொதுச் சுகாதாரம், அரும்பொருளகம், வனவிலங்கு ஆலோசனை நிறுவனம், தரவுப் பகுப்பாய்வு, ஒருவர் நாற்காலி வடிவமைக்கும் கம்பெனி. கடைசியில் சொன்னது வேடிக்கை இல்லை. மனித உடல் அளவு தெரிந்தவர்கள் அவர்களுக்குத் தேவை.

மரபணுப் பக்கம் போனால் இங்கே வாய்ப்பு கூடுதல். 2019ல் வெளிவந்த சிங்கப்பூர் ஆய்வு ஒன்றில் 4,810 பேரின் முழு மரபணுத் தொகுதியைப் படித்தார்கள். அதில் 1,127 பேர் இந்தியர். அத்தகைய தரவை வைத்துக்கொண்டு, "இந்தியர் என்றால் எந்த ஊர், எந்த வரலாறு?" என்று கேட்கத் தெரிந்தவர் ஆய்வுக்குழுவில் ஒருவராவது வேண்டும்.

என் வேலையைச் சொல்கிறேன். ஒரு வயதுக் குழந்தையின் நீளத்தை அளக்க இரண்டு பேர் வேண்டும். ஒருவர் தலையைப் பலகையோடு சேர்த்துப் பிடிக்க, இன்னொருவர் முழங்காலை மெல்ல அழுத்திப் பாதத்துக்குப் பலகையை நகர்த்துவார். பிள்ளை வீறிட்டு அழும், அம்மா பதறுவார், நாம் மில்லிமீட்டர் படிக்க வேண்டும். அப்புறம் எல்லாவற்றையும் எடுத்துவிட்டு, முதல் எண்ணைப் பார்க்காமல் மறுபடியும் அளக்க வேண்டும். இரண்டுக்கும் வித்தியாசம் வரம்பைத் தாண்டினால் மூன்றாவது முறை. "உனக்கு எப்படித் தெரியும்?" என்ற அந்தச் சிவப்புப் பேனாவுக்கு நான் இன்னமும் பதில் எழுதிக்கொண்டிருக்கிறேன்.

ஆசிரியராக விரும்புபவர்கள் கவனம்: பள்ளியில் மானுடவியல் பாடம் கிடையாது. உயிரியல் கற்பிக்கும் அளவுக்குப் பாடங்கள் எடுத்திருக்கிறீர்களா என்று முன்கூட்டியே விசாரித்துவிடுங்கள்.

கேள்வி: பணம்?

வெளிநாட்டு மாணவர் கட்டணம், வாடகை, விமானம், களப்பயிற்சி எல்லாம் கூட்டினால் மூன்று வருடத்துக்கு ஆறிலக்க வெள்ளி. மத்திய சேம நிதியின் கல்விக் கடன் உள்ளூர் நிறுவனங்களுக்குத்தான். வெளிநாட்டுப் படிப்புக்கு எடுக்க முடியாது. இதைத் தெரியாமல் சேர்க்கைக் கடிதம் வந்தபின் தலையில் கைவைத்த குடும்பங்களைப் பார்த்திருக்கிறேன். தேசியப் பூங்காக் கழகம், தேசிய மரபுடைமைக் கழகம் போன்றவை உபகாரச் சம்பளம் தருகின்றன. பதிலுக்கு அவர்களிடம் வேலை செய்ய ஒப்பந்தம் இருக்கும். விலங்குப் பக்கமோ அரும்பொருளகப் பக்கமோ மனம் இருந்தால் அந்த ஒப்பந்தம் சுமையாகத் தெரியாது. உள்ளூரில் படிப்பவர்கள் இந்தியர் மேம்பாட்டுச் சங்கமான சிண்டாவிடமும் விசாரித்துப் பாருங்கள்.

கேள்வி: தேசிய சேவை?

இளங்கலைக்காக அதைத் தள்ளிப்போட பொதுவாக விடமாட்டார்கள். இடம் கிடைத்தால் இரண்டு வருடம் நிறுத்திவைப்பார்களா என்று பல்கலைக்கழகத்திடம் எழுத்தில் வாங்குங்கள்.

கேள்வி: நம் வட்டாரத்தில் ஆராய என்ன இருக்கிறது?

எங்கே இல்லை! 1891ல் ஜாவாவில் யூஜீன் டுபுவா ஓர் ஆதி மனிதரின் மண்டையோட்டு மேல்பகுதியைத் தோண்டி எடுத்த நாளிலிருந்து இந்த வட்டாரம் பாடநூலை மாற்றி எழுதவைத்துக்கொண்டே இருக்கிறது. 2003ல் இந்தோனீசியாவின் ஃப்ளோரெஸ் தீவின் குகையில் மூன்றரை அடி உயர மனித இனம். 2019ல் பிலிப்பீன்ஸின் லூசோனில் இன்னொன்று. காஸ்வே தாண்டிக் காரில் போனால் பேராக்கின் லெங்கோங் பள்ளத்தாக்கு. அங்கே கிடைத்த பேராக் மனிதர் ஏறக்குறைய 10,000 ஆண்டு பழையவர். கைவிரல் எலும்புகளில் பிறவிக் குறைபாடு இருந்தும் முழு வயது வாழ்ந்து, மரியாதையோடு புதைக்கப்பட்டிருக்கிறார். யாரோ அவரைக் கவனித்துப் பராமரித்திருக்கிறார்கள் என்று எங்கள் ஆசிரியர் சொல்வார். இன்னொரு ஆசிரியர், அவருக்கு உதவி தேவைப்பட்டது என்று நீங்கள் எப்படி முடிவு செய்தீர்கள் என்பார். வகுப்பு அப்படித்தான் போகும்.

தமிழ்நாட்டுப் பக்கம் பார்த்தால், 1863ல் நிலவியலாளர் ராபர்ட் புரூஸ் ஃபுட் பல்லாவரத்தில் கற்கோடரியைக் கண்டெடுத்தார். அத்திரம்பாக்கத்தில் தொல்லியலாளர் சாந்தி பப்புவின் குழுவினர் 3,85,000 ஆண்டுக்கு முந்தைய இடைப்பழங்கற்காலக் கற்கருவி நுட்பத்தைக் கண்டு 2018ல் வெளியிட்டார்கள். கருவி இருக்கிறது, செய்தவரின் எலும்பு இல்லை. கீழடியை ஒட்டிய கொந்தகைத் தாழிகளில் எலும்பு இருக்கிறது. 2025ல் அங்கிருந்து இரண்டு ஆண்களின் முகத்தை லிவர்பூலில் மீட்டுருவாக்கினார்கள். படம் வந்த அன்று குடும்ப வாட்ஸ்அப்பில் "நம்ம மாமா மாதிரியே இருக்கார்" என்று ஐந்து பேர் போட்டார்கள். தோல் நிறம், மூக்கு நுனி, முடியெல்லாம் எவ்வளவு தூரம் ஊகம் என்று நான் ஒரு நீண்ட விளக்கம் போட்டேன். யாரும் படிக்கவில்லை.

கேள்வி: எனக்கு இது ஒத்துவருமா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

காசு செலவில்லாத ஒரு சோதனை. சனிக்கிழமை காலை புக்கிட் தீமா பக்கம் போய், நீண்டவால் குரங்குக் கூட்டத்தில் ஒன்றே ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். கடிகாரத்தை வைத்துக்கொண்டு பத்து நிமிடம் அது செய்வதை மட்டும் எழுதுங்கள்: எப்போது தின்றது, யார் பக்கத்தில் வந்தது, யாருக்கு வழிவிட்டது. விலங்கு நடத்தை ஆய்வாளர் ஜீன் ஆல்ட்மன் 1974ல் ஒழுங்குபடுத்திக் கொடுத்த முறை இது. வேறு குரங்கு குட்டிக்கரணம் போட்டாலும் திரும்பக்கூடாது. "கோபமாக இருந்தது" என்று எழுதக்கூடாது. "பல்லைக் காட்டியது" என்று எழுத வேண்டும். உணவு கொடுக்கவே கூடாது, முதல் தடவைக்கே 5,000 வெள்ளி வரை அபராதம். பத்து நிமிடம் பத்து மணி நேரமாகத் தெரிந்தால் வேறு படிப்பைப் பாருங்கள். இன்னொரு பத்து நிமிடம் உட்காரத் தோன்றினால் வாங்க.

மதியத்துக்கு அடுத்த சோதனை. பீச் ரோடு கோல்டன் மைல் உணவு நிலையத்தில் சூப் துலாங் ஒரு தட்டு வாங்குங்கள். சிவப்புக் குழம்பில் ஆட்டெலும்பு. மஜ்ஜையை உறிஞ்ச ஸ்ட்ரா தருவார்கள். கல்லால் எலும்பை உடைத்து மஜ்ஜை எடுத்த நம் ஆதி முன்னோர் செய்ததும் இந்த வேலைதான், ஸ்ட்ரா மட்டும் புதுசு. தின்று முடித்ததும் எலும்பின் முனையைப் பாருங்கள். தொப்பி மாதிரி தனியாகக் கழன்று வந்தால் ஆடு இன்னும் வளர்ந்துகொண்டிருந்தது. ஒட்டிக்கொண்டு கோடு மட்டும் தெரிந்தால் வளர்ச்சி நிற்கும் வயது. கோடும் இல்லையென்றால் கிழட்டு ஆடு, உங்கள் பல்லுக்கே அது முன்னாடி தெரிந்திருக்கும். ஊகத்தை ஒரு தாளில் எழுதிவிட்டு, கடை பாயிடம் எந்த வயது ஆடு என்று கேட்டுச் சரிபாருங்கள். முதல் முறை அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். இப்போதெல்லாம் நான் கேட்காமலே, வேறு வேறு வயது எலும்பாகப் பார்த்துத் தட்டில் வைத்துவிட்டு, "சொல்லு பார்ப்போம்" என்று பக்கத்திலேயே நிற்கிறார்.